நடராஜரும் குவாண்டமும்: காப்ராவின் புத்தகத்தை மறுபடி வாசித்தபோது

ஜெனீவா பக்கத்தில் இருக்கும் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வுக்கூட வளாகத்தில் இரண்டு மீட்டர் உயரத்தில் ஒரு நடராஜர் நிற்கிறார். இந்திய அணுசக்தித் துறை கொடுத்த அன்பளிப்பு. 2004 ஜூன் 18-ல் திறந்து வைத்தார்கள். 1960-களிலிருந்து செர்னோடு இந்தியாவுக்கு இருக்கும் தொடர்பைக் கொண்டாட வைத்த சிலை. நடந்தது இவ்வளவுதான்.

ஆனால் இந்தச் சிலையின் படம் வாட்ஸப்பில் வரும்போது இவ்வளவோடு நிற்பதில்லை. அணுக்கள் ஆடுவதை நம் முன்னோர் அன்றே கண்டுவிட்டார்கள், அதை விஞ்ஞானிகள் இப்போதுதான் ஒத்துக்கொண்டு சிலை வைத்திருக்கிறார்கள், பார்க்கிறவன் இல்லாமல் உலகமே இல்லை என்று குவாண்டம் இயற்பியல் நிரூபித்துவிட்டது, ஆகவே உலகம் மாயை. இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவிப் போகும். கல்லூரிப் பேச்சாளர்கள், யூட்யூப் சொற்பொழிவாளர்கள், சில சமயம் இயற்பியல் ஆசிரியர்களே கூட இந்தத் தாவலைச் செய்கிறார்கள்.

இதைக் கேலி செய்வது சுலபம். அதில் எனக்கு ஆர்வம் இல்லை. இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது, அதன் மூல நூல் என்ன சொல்கிறது, அது நிற்குமா நிற்காதா என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்பின் வேலை. மூல நூல் என்று நான் சொல்வது ஃபிரிட்ஜாஃப் காப்ரா 1975-ல் வெளியிட்ட 'இயற்பியலின் தாவோ'. செர்ன் சிலைப் பீடத்தின் பலகையில் இருப்பது இரண்டு பேருடைய வாசகங்கள். ஒருவர் ஆனந்த குமாரசாமி. இன்னொருவர் காப்ரா.

யார் யாரிடமிருந்து எடுத்தார்கள்

ஆனந்த குமாரசாமி 1877-ல் கொழும்பில் பிறந்தவர். அப்பா முத்து குமாரசாமி இலங்கைத் தமிழர், அம்மா ஆங்கிலேயர். நடராஜர் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1912-ல் 'சித்தாந்த தீபிகை' இதழில் வந்தது. பிறகு 1918-ல் அதையே தலைப்பாகக் கொண்ட தொகுப்பில் சேர்ந்து உலகம் முழுக்கப் போனது. 'சித்தாந்த தீபிகை' யாருடைய இதழ் என்பதைக் கவனிக்கணும். 1895-ல் சிவஞானபோதத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த ஜே. எம். நல்லசுவாமி பிள்ளை தொடங்கிய இதழ் அது. அதாவது குமாரசாமி நடராஜரை வாசித்தது சைவ சித்தாந்த நூல்களின் வழியாக. உண்மை விளக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டுதான் எந்தக் கை எந்தத் தொழிலைக் குறிக்கிறது என்று விளக்குகிறார். இது பின்னால் தேவைப்படும்.

காப்ரா ஆஸ்திரியாக்காரர், வியன்னாவில் துகள் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். கலிஃபோர்னியாக் கடற்கரையில் ஒரு மாலையில் உட்கார்ந்திருந்தபோது, மணலும் நீரும் காற்றும் அணுக்களும் எல்லாம் சேர்ந்து ஒரே ஆட்டமாகத் தனக்குத் தெரிந்தது என்றும், அது சிவ நடனம் என்று உணர்ந்ததாகவும் முன்னுரையில் எழுதுகிறார். புத்தகம் மூன்று பகுதி. முதலாவது நவீன இயற்பியல் அறிமுகம். இரண்டாவது இந்து, பௌத்த, சீனச் சிந்தனைகள், தாவோ, ஜென் பற்றிய அறிமுகம். மூன்றாவதில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார். 'பிரபஞ்ச நடனம்' என்ற அத்தியாயத்தில்தான் நடராஜர் வருகிறார். துகள்களின் தடங்கள் பதிந்த படத்தின் மேல் நடராஜர் உருவத்தைப் பதித்த ஒரு படமும் உண்டு. இன்றைக்கு ஃபார்வர்டில் வரும் படங்களுக்கெல்லாம் அதுதான் தாத்தா.

நியாயமாகச் சொல்லணும்னா, காப்ரா அவரை மேற்கோள் காட்டுகிறவர்களை விட நல்ல எழுத்தாளர். சார்பியலையும் குவாண்டத்தையும் கணிதமில்லாமல் விளக்கும் முதல் பகுதி இன்றும் படிக்கத் தகுந்தது. ரிஷிகள் ஆய்வுக்கூடம் வைத்திருந்தார்கள் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. மாயை என்றால் உலகமே பொய் என்றும் சொல்லவில்லை. நம் மனம் அளந்து, பிரித்து, பெயர் வைத்த வடிவங்களையே உண்மைப் பொருள் என்று எடுத்துக்கொள்வதுதான் மாயை என்கிறார். அந்தக் காலத்தில் கிழக்கத்திய சிந்தனையைப் பற்றி மரியாதையோடு எழுதிய இயற்பியலாளர்கள் எத்தனை பேர்? அந்த மதிப்பை அவருக்குக் கொடுத்துவிட்டே மேலே போகலாம்.

சாயல் சான்றாகுமா?

புத்தகத்தின் முறை எளிமையானது. ஒரு பக்கம் ஹைசன்பர்க்கோ போரோ சொன்ன வாக்கியம். எதிர்ப்பக்கம் உபநிடதமோ பௌத்த சூத்திரமோ சொன்ன வாக்கியம். இரண்டிலும் "ஒன்று", "பிரிக்கமுடியாத", "ஆட்டம்", "வெறுமை" என்ற சொற்கள் வரும். வாசகருக்குச் சிலிர்க்கும்.

சிக்கல் என்னன்னா, இயற்பியலாளர் அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அதற்குப் பின்னால் ஒரு சமன்பாடு இருக்கிறது. அந்தச் சமன்பாடு ஒரு எண்ணைச் சொல்லும். அந்த எண் சோதனையில் வரலைன்னா சமன்பாடு போச்சு. வாக்கியம் என்பது அந்தக் கணக்கின் மேல் போர்த்திய துணி. காப்ரா துணியோடு துணியை ஒப்பிடுகிறார். உள்ளே இருப்பதை ஒப்பிட வழியில்லை. ஏனென்றால் எதிர்ப்பக்க நூல்கள் எண் சொல்ல வந்தவையே அல்ல.

இது வெறும் தத்துவ ஆட்சேபம் இல்லை. காப்ராவின் புத்தகத்துக்கே நடந்த ஒரு விபத்து இருக்கிறது. அவர் பெரிதும் நம்பியது ஜெஃப்ரி சூ என்ற பெர்க்லி இயற்பியலாளரின் 'பூட்ஸ்ட்ராப்' கோட்பாட்டை. அதன்படி எந்தத் துகளும் அடிப்படைத் துகள் கிடையாது. ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றாலும் ஆனது. இதை காப்ரா, ஒவ்வொரு மணியிலும் மற்ற எல்லா மணிகளும் தெரியும் இந்திரனின் வலையோடு ஒப்பிட்டார். அழகான ஒப்புமை, மறுக்கவில்லை. ஆனால் புத்தகம் அச்சுக்குப் போகும் காலத்திலேயே இயற்பியல் வேறு பக்கம் திரும்பிவிட்டது. 1974 நவம்பரில் புரூக்ஹேவன், ஸ்டான்ஃபோர்ட் ஆகிய இரண்டு இடங்களிலும் ஜே/சை என்ற புதுத் துகள் ஒரே சமயத்தில் கிடைத்தது. அதைச் சுலபமாக விளக்கியது குவார்க் கோட்பாடு, அதாவது அடிப்படைத் துகள்கள் உண்டு என்ற கட்சி. 1976-லேயே அந்தக் கண்டுபிடிப்புக்கு நோபல் வந்தது. 1983-ல் செர்ன் டபிள்யூ, இசட் துகள்களைக் கண்டது. 2012 ஜூலை 4-ல் ஹிக்ஸ் அறிவிப்பு வந்தது. எல்லாமே பூட்ஸ்ட்ராப் ஒதுக்கி வைக்கச் சொன்ன புலக் கோட்பாட்டின் வெற்றிகள். பூட்ஸ்ட்ராப்பின் சில கணித உத்திகள் இன்றும் வேறு வடிவில் பயன்படுகின்றன. ஆனால் அடிப்படைத் துகளே இல்லை என்ற அதன் பெரிய வாதம் நிற்கவில்லை. காப்ரா பிற்பதிப்பின் பின்னுரையிலும் அந்தப் பக்கமே நின்றார்.

இப்போது ஒரு கேள்வி. பூட்ஸ்ட்ராப் தோற்றபோது இந்திரனின் வலையும் தோற்றதா? பௌத்தர் யாராவது வருத்தப்பட்டார்களா? இல்லை. படவும் தேவையில்லை. அப்படியானால் பூட்ஸ்ட்ராப் ஜெயித்துக்கொண்டிருந்த நாட்களில் அது இந்திரனின் வலையை நிரூபித்துக்கொண்டும் இருக்கவில்லை. தோல்வியில் பங்கு எடுக்காதவர் வெற்றியில் மட்டும் பங்கு கேட்க முடியாது. என் வாசிப்பில் காப்ரா புத்தகத்தின் மையக் கோளாறு இதுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவது.

பார்க்கிறவர் யார்?

அடுத்தது, அதிகம் பரவியிருக்கும் வாக்கியம்: "பார்ப்பதால்தான் உலகம் இருக்கிறது என்று குவாண்டம் சொல்கிறது."

எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக இரண்டு பிளவுகள் வழியாக அனுப்பினால் திரையில் அலைகளுக்கு உரிய கோடுகள் விழுகின்றன. எந்தப் பிளவு வழியாகப் போனது என்று கண்டுபிடிக்க ஏற்பாடு செய்தால் கோடுகள் மறைந்துவிடும். இதைத்தான் "பார்த்தால் மாறுகிறது" என்று சுருக்குகிறார்கள். சுருக்கம் தப்பில்லை. "பார்த்தால்" என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குக் கண்ணும் மனசும் ஞாபகம் வருவதுதான் தப்பு.

இங்கே நம் ஊர்த் தொடர்பு ஒன்று உதவும். சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்தவர், 1980-களில் தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர் இ. சி. ஜி. சுதர்சன். அவரும் பைத்யநாத் மிஸ்ராவும் 1977-ல் ஒரு விநோதமான முடிவைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். சிதையப்போகும் ஒரு குவாண்டம் அமைப்பை இடைவிடாமல் அளந்துகொண்டே இருந்தால் அது சிதையவே சிதையாது. கிரேக்கத் தத்துவவாதி சீனோவின் நகராத அம்பு நினைவாக இதற்கு 'குவாண்டம் சீனோ' என்று பெயர். 1990-ல் அமெரிக்காவில் ஏறத்தாழ 5,000 பெரிலியம் அயனிகளை ஒரு பொறியில் அடைத்து இதைச் சோதித்தார்கள். சும்மா விட்டால் அயனிகள் எல்லாம் கால் வினாடியில் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் போய்விடும். அந்தக் கால் வினாடிக்குள் 64 தடவை "பார்த்தபோது" பெரும்பாலானவை இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன.

யார் பார்த்தது? லேசர். ஒவ்வொரு "பார்வையும்" ஒரு லேசர் துடிப்பு. ஆராய்ச்சியாளர் டீ குடிக்கப் போயிருந்தாலும் முடிவு மாறாது. குவாண்டம் இயற்பியலில் அளவீடு என்பது முதலில் ஒரு பௌதிகத் தொடர்பு. ஒளியோ காற்றோ கருவியோ அந்த அமைப்பைத் தொட்டு, அதன் நிலையைப் பற்றிய தடத்தை வெளியே கொண்டுபோவது.

ஐன்ஸ்டைன் ஒரு தடவை தன் நண்பரிடம் கேட்டாராம், நான் பார்க்காத நேரத்தில் நிலா இல்லையா என்று. நிலாவுக்குப் பதில் எங்கள் மலையை எடுத்துக்கொள்கிறேன். மாரமங்கலத்தில் பனிக்காலக் காலைகளில் சேர்வராயன் மலை உச்சி சுத்தமாகத் தெரியாது. பத்தடி தள்ளி நிற்கும் சில்வர் ஓக் மரமே தெரியாது, உச்சிக்கு எங்கே போறது. யாரும் பார்க்கலை. மலை இருக்கா? குவாண்டம் இயற்பியலின் பதில் நேரானது. காற்றின் மூலக்கூறுகளும் சூரிய ஒளியின் துகள்களும் அந்தப் பனித்துளிகளும் ஒவ்வொரு கணமும் மலையை மோதி அதன் இருப்பைப் பதிவு செய்துகொண்டே இருக்கின்றன. நம் கண்ணிலிருந்து மலையை மறைக்கும் அதே பனிதான், இயற்பியல் அர்த்தத்தில், மலையைப் பார்த்துக்கொண்டும் இருக்கிறது. பெரிய பொருட்களிடம் குவாண்டம் விநோதங்கள் தெரியாமல் போவதற்கு இந்த இடைவிடாத மோதல்தான் காரணம் என்பது 1970-லிருந்து படிப்படியாகத் தெளிவானது.

இதோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. பல சாத்தியங்களில் ஒன்று மட்டும் ஏன் நடக்கிறது என்பது இன்னும் திறந்த கேள்விதான். மனத்துக்கு அங்கே பங்கு இருக்கலாம் என்று நினைத்த பெரிய ஆட்களும் உண்டு. யூஜின் விக்னர் 1961-ல் அப்படி எழுதினார், பிற்காலத்தில் அந்த நிலையை விட்டு விலகினார். வேதாந்தத்தில் ஊறிய ஷ்ரோடிங்கர் தன் சமன்பாடு வேதாந்தத்தை நிரூபிக்கிறது என்று வாதாடவில்லை. அவருடைய 1935-ஆம் வருடத்துப் பூனை, பெட்டியைத் திறந்து பார்க்கும் வரை பாதி உயிர் பாதி சாவு என்ற பேச்சின் அபத்தத்தைக் காட்ட விட்ட பூனை. இன்றைக்கு அதே பூனை அந்தப் பேச்சுக்கு விளம்பரமாக ஓடுகிறது.

யதார்த்தம் பற்றிக் குவாண்டம் உண்மையிலேயே ஏதாவது சொல்லியிருக்கிறதா? சொல்லியிருக்கிறது, அதுவும் செர்ன் ஆள் ஒருவர் வழியாக. ஜான் பெல் 1960-லிருந்து இறக்கும் வரை செர்னில்தான் வேலை பார்த்தார். 1964-ல் அவர் காட்டியது இது. துகள்களின் பண்புகள் அளப்பதற்கு முன்பே நிர்ணயமாகி இருக்கின்றன, தூரத்தில் செய்யும் காரியம் இங்கே உடனே பாதிக்காது என்ற இரண்டு நம்பிக்கைகளையும் சேர்த்து வைத்துக்கொண்டால், ஒரு கணக்கு ஒரு எல்லைக்குள் அடங்கியே ஆகணும். குவாண்டம் அந்த எல்லையைத் தாண்டும் என்கிறது. சோதித்தார்கள், தாண்டியது. அதற்காக ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவருக்கும் 2022-ல் நோபல். இது சாதாரண விஷயம் இல்லை, நம் அன்றாட உலகப் படத்தில் விழுந்த நிஜமான அடி. ஆனால் இதில் எங்கும் "மனம் உலகை உண்டாக்குகிறது" என்ற வரி இல்லை. பெல்லுக்கோ அந்தப் பேச்சே ஆகாது. அடிப்படைக் கோட்பாட்டில் 'அளவீடு' என்ற சொல்லையே நுழைய விடக்கூடாது என்று 1990-ல் தனிக் கட்டுரை எழுதினார். செர்னில் யதார்த்தத்தைப் பற்றி ஆழமாக யோசித்தவரைத் தேடினால் பெல்லிடம் வரணும். நாம் பீடத்துப் பலகையோடு திரும்பிவிடுகிறோம்.

சித்தாந்தம் என்ன சொல்கிறது

இதுவரை இயற்பியல் பக்கத்து நஷ்டம். நம் பக்கத்து நஷ்டம் இதைவிடப் பெரிது என்பது என் கட்சி. அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

காப்ராவின் இரண்டாம் பகுதித் தலைப்புகளில் சைவ சித்தாந்தம் கிடையாது. அவருடைய இந்து மதம் பெரும்பாலும் வேதாந்த வழியில் வருவது. நடராஜர் சிலை மட்டும் தமிழ் நாட்டிலிருந்து, அதற்கு உரை வேறு இடத்திலிருந்து. குமாரசாமி சிலையையும் நூலையும் சேர்த்துக் கொடுத்தார். காப்ரா கைக்கு வரும்போது நூல் கழன்றுவிட்டது.

சித்தாந்தத்தில் மாயை என்பது என்ன? பொய்த்தோற்றம் இல்லை. காப்ரா சொல்வது போலப் பார்வைக் கோளாறும் இல்லை. அது ஒரு பொருள். பானைக்குக் களிமண் போல உலகத்துக்கு மாயை முதற்காரணம். சக்கரமும் தண்டும் போல இறைவனின் சக்தி துணைக்காரணம். குயவன் போல இறைவன் நிமித்த காரணம். பதி, பசு, பாசம் மூன்றும் என்றும் உள்ளவை. பாசத்துக்குள் மாயையும் ஒன்று. உலகம் மாறும், ஒடுங்கும், மறுபடி தோன்றும். ஆனால் இல்லாதது தோன்றாது, உள்ளது அழியாது. அந்த அர்த்தத்தில் உலகம் உள்பொருள்தான். "உலகம் மாயை" என்ற வாக்கியத்தைச் சித்தாந்தியிடம் சொன்னால், "ஆமாம், மாயையால் ஆனது, ஆகவே இருக்கிறது" என்பார். ஃபார்வர்ட் அனுப்புகிறவர் நினைப்பதற்கு நேர் எதிர்.

இன்னும் ஒரு படி மேலே. 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியாருக்குப் பரபக்கம் என்று ஒரு பாதி உண்டு. எதிர்க்கட்சிகள் ஒவ்வொன்றையும் அதன் வாதத்தோடு எடுத்து வைத்து மறுப்பதே அதன் வேலை. அதில் யோகாசார பௌத்தரும் வருகிறார். அறிவுக்கு வெளியே பொருள் என்று தனியாக ஒன்றும் இல்லை, தெரிவதெல்லாம் அறிவின் தோற்றமே என்பது அவர் கட்சி. மாயாவாதியும் வருகிறார். இருவருக்கும் மறுப்பு உண்டு. பார்ப்பதால்தான் உலகம் இருக்கிறது என்று இன்று குவாண்டம் பெயரில் சொல்லப்படுவதன் நெருங்கிய சொந்தக்காரரை, நடராஜரைக் கும்பிட்ட மரபு எதிரே உட்கார வைத்து வாதாடியிருக்கிறது. இப்போது அந்த மரபின் சிலையையே அந்தக் கட்சிக்குச் சாட்சியாக நிறுத்துகிறோம். பரபக்கத்தைத் திறந்து பார்த்தவர் யாரும் இதைச் செய்ய மாட்டார்.

கடைசியாக ஐந்தொழில். உண்மை விளக்கத்தின்படி உடுக்கை படைத்தல், அமைத்த கை காத்தல், தீ அழித்தல், ஊன்றிய திருவடி மறைத்தல், தூக்கிய திருவடி அருளல். செர்ன் பலகையில் இருக்கும் காப்ரா வாசகம் எடுத்துக்கொள்வது படைத்தலையும் அழித்தலையும். துகள்கள் உண்டாகின்றன, அழிகின்றன, அதுவே ஆட்டம் என்கிறார். தூக்கிய திருவடி விடுதலையைக் குறிக்கும் என்று சிலை வர்ணனையில் சொல்லத்தான் செய்கிறார். ஆனால் இயற்பியலோடு ஒப்பிட வரும்போது அதற்கு வேலை இல்லாமல் போகிறது. சித்தாந்திக்கோ மற்ற மூன்றும் நடப்பதே கடைசி இரண்டுக்காக. உயிர் பக்குவப்படும் வரை உண்மையை மறைத்து வைப்பதும், பக்குவம் வந்ததும் கொடுப்பதும். அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஆட்டம், ஆனால் யாருக்காக ஆடுகிறார் என்ற கேள்வி இல்லாத ஆட்டம். எந்த முடுக்கியிலும் மறைத்தலும் அருளலும் அளக்கப்படுவதில்லை. அது இயற்பியலின் குறை இல்லை, வேறு கேள்வி.

தோரியனைட்

குமாரசாமிக்கும் அணு இயற்பியலுக்கும் நிஜமாகவே ஒரு தொடர்பு இருக்கிறது. அது நடராஜர் வழியாக வந்ததில்லை. அவர் படித்தது புவியியல். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிமவள ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். 1904-ல் கருப்பாக, கனமாக ஒரு கனிமம் அவர் கவனத்துக்கு வந்தது. பார்க்க யுரேனினைட் போலவே இருந்ததால் அப்படியே கருதப்பட்டது. லண்டனில் டன்ஸ்டன் பகுத்துப் பார்த்தபோது தோரியம் அதிகம் இருந்தது. புதுக் கனிமம் என்று முடிவாகி, தோரியனைட் என்று பெயர் வைத்தார்கள். இலங்கையிலிருந்து போன அந்தக் கனிமத்திலிருந்து பிரித்த உப்பை வைத்துக்கொண்டுதான் 1905-ல் ராம்சே ஆய்வுக்கூடத்தில் ஓட்டோ ஹான் என்ற இளைஞர் ரேடியோதோரியத்தைக் கண்டுபிடித்தார். பின்னால் 1938-ல் அணுக்கருப் பிளவைக் கண்டவரும் அதே ஹான்தான். கதிரியக்கம், அதாவது எந்த அணு எப்போது சிதையும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாத அந்த நிகழ்வு, குவாண்டத்தின் வாசல்களில் ஒன்று.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது நடுவில் வரும் திருப்பம். பார்த்தால் யுரேனினைட் மாதிரி இருந்தது. பிரித்து எடை போட்டால் வேறு. சாயலில் ஆரம்பிப்பதில் ஒரு தவறும் இல்லை. எல்லாத் தேடலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அடுத்த படி பகுத்துப் பார்ப்பது. காப்ரா சாயலில் தொடங்கி சாயலிலேயே புத்தகத்தை முடித்துவிட்டார். நடராஜர் பற்றி எழுத வந்த குமாரசாமியோ கனிம அறிக்கையைத் துணைக்குக் கூப்பிடவில்லை, உண்மை விளக்கத்தைத் திறந்தார். அந்த அந்தக் கேள்விக்கு அந்த அந்தக் கருவி.

இதில் என்ன போச்சு?

"யாருக்கு என்ன நஷ்டம்? நம்ம பிள்ளைங்களுக்குப் பெருமையா இருந்துட்டுப் போகட்டுமே" என்று கேட்கலாம். கேட்டும் இருக்கிறார்கள். நஷ்டம் இருக்கிறது. எல்லாம் முன்னமே தெரியும் என்று நம்பும் மாணவருக்குக் குவாண்டம் பாடத்தில் கஷ்டப்படக் காரணம் இல்லை. அலைச்சார்பையும் நிகழ்தகவையும் கணக்குப் போட்டுப் பழகுவது சலிப்பான வேலை. முடிவு முன்பே தெரியும் என்றால் யார் செய்வார்? அதே மாணவருக்குச் சிவஞான சித்தியாரைத் திறக்கவும் காரணம் இல்லை. அதன் முடிவையும் விஞ்ஞானிகள் ஒத்துக்கொண்டாச்சே. ஒரே வாக்கியத்தில் இரண்டு நூலகங்களுக்கும் பூட்டு.

இன்னொன்று மரியாதை சம்பந்தப்பட்டது. ஒரு மரபு உண்மையா என்று தீர்மானிக்க ஜெனீவாவில் ஒரு சான்றிதழ் வேண்டும் என்று நினைப்பதே அந்த மரபைக் கீழே வைப்பது. அருணந்தியார் தன் எதிரியின் வாதத்தை எதிரியை விடத் தெளிவாக எடுத்து வைத்து, பிறகு அதை உடைத்தவர். அவருக்கு நாம் செய்யும் மரியாதை அவர் வாதங்களை வாதங்களாகப் படிப்பது. சரியா தப்பா என்று அவரோடு மல்லுக்கு நிற்பது. சிலையின் புகைப்படத்தைப் பகிர்வதில் அந்த உழைப்பு இல்லை.

கார்ல் சேகனும் 1980-ல் 'காஸ்மாஸ்' தொடரில் சோழர் கால நடராஜரைக் காட்டினார். இந்து மரபின் கால அளவுகள் நவீன அண்டவியலின் அளவுகளோடு பொருந்துவதை வியந்து பேசினார். அதோடு, அது தற்செயல்தான் என்றும் சேர்த்தே சொன்னார். அந்தத் துணுக்கைப் பகிர்கிறவர்கள் பெரும்பாலும் வெட்டுவது அந்த ஒரு சொல்லைத்தான். வியப்பும் வேணும், அந்தச் சொல்லும் வேணும். சேகனுக்கு இரண்டும் ஒரே வாக்கியத்தில் அடங்கியது.

செர்ன் சிலையை எடுக்கணும் என்று நான் சொல்லவில்லை. நல்ல அன்பளிப்பு, நல்ல வடிவம், இருக்கட்டும். காப்ராவையும் படிக்கலாம், முதல் பகுதியை ஆற அமரப் படிக்கலாம். மூன்றாம் பகுதிக்கு வரும்போது ஒவ்வொரு ஒப்புமையிலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த இயற்பியல் நாளைக்குத் தோற்றால் எதிர்ப்பக்கத்து நூலும் தோற்குமா? "இல்லை" என்று பதில் வந்தால், இன்றைக்கு அது ஜெயிக்கவும் இல்லை.

பரபக்கத்தில் யோகாசாரரை மறுக்கும் பகுதியை உரையோடு மெதுவாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த மறுப்பு வாதங்கள் உண்மையிலேயே நிற்கின்றனவா, இன்றைய தத்துவ மாணவர் ஒருவர் அவற்றை எங்கே மடக்குவார் என்பது அடுத்த குறிப்பு.